கொரியக் காதல் படத்துக்கு வந்த விமர்சனங்களைப் படிப்பது எப்படி

மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு எங்கள் வீட்டு முன்கூடத்தில் படம் போடுவோம். மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் நான் தையல் கடை வைத்திருக்கிறேன். ரவிக்கை, சுடிதார், பள்ளிச் சீருடை எல்லாம் தைப்பேன். படம் பார்க்க வருகிறவர்களும் பெரும்பாலும் கடைக்கு வருகிறவர்கள்தான். பன்னிரண்டு பேர், சில மாதம் பதினைந்து பேர் இருப்பார்கள். ரப்பர்த் தோட்டத்து லயத்தில் பிறந்து, தோட்டம் கைமாறிய பிறகு தாமான் என்கிற குடியிருப்பு வீட்டுக்கு வந்துவிட்ட அக்காமார், அவர்களுடைய பெண்பிள்ளைகள், எண்பதைத் தாண்டிய ஒரு பெரியம்மா. பெரியம்மா முப்பது வருடம் பால்மரம் சீவியவர். மலாய் நன்றாகப் பேசுவார், படிக்க வராது. பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து திரையில் ஓடும் சப்டைட்டிலைத் தமிழில் சொல்லிக்கொண்டே வருவாள். புந்தோங்கில் வாங்கி வந்த முறுக்கும் கடலையும் ஒரு தட்டில் சுற்றி வரும்.

கொரியப் படம் போடச் சொன்னவர்கள் பெண்பிள்ளைகள். எது போடுவது என்று பார்த்து எடுப்பது என் வேலையாகிவிட்டது. ஆரம்பத்தில் இணையத்தில் இருக்கும் புள்ளியை மட்டும் பார்த்து ஒரு படத்தை எடுத்தேன். நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேல் வாங்கிய படம். ஒரு மணி நேரம் ஆவதற்குள் கூடத்தில் பாதிப் பேர் இல்லை. படம் மோசமில்லை, எனக்குக்கூடப் பிடித்தது. ஆனால் அது யாருக்காக எடுக்கப்பட்ட படம் என்பது அதற்கு வந்த விமர்சனங்களில் தெளிவாக எழுதியிருந்தது. நான்தான் அவற்றைப் படிக்கவில்லை. அதற்குப் பிறகு, ஒரு படத்துக்குக் குறைந்தது ஆறு விமர்சனம் படிக்காமல் நான் முடிவு செய்வதில்லை. எப்படிப் படிக்கிறேன் என்பதை இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் நாலு பேரை உட்கார வைத்துப் படம் போடுவதாக இருந்தால் உதவும்.

எண்ணைப் பார்த்தால், அது என்ன எண் என்று பாருங்கள்

விமர்சனங்களைத் திரட்டிக் காட்டும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் 90 சதவீதம் என்றால் படம் நூற்றுக்குத் தொண்ணூறு புள்ளி வாங்கியது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பத்து விமர்சகர்களில் ஒன்பது பேர் 'பார்க்கலாம்' என்ற பக்கம் நின்றார்கள் என்றுதான் அதற்குப் பொருள். பத்துப் பேரும் 'பரவாயில்லை, ஒரு தடவை பார்க்கலாம்' என்று எழுதினாலும் 100 சதவீதம் வரும். ஏழு பேர் உயிரை விட்டு ரசித்து, மூன்று பேர் வெறுத்தால் 70 சதவீதம். சிரிப்பும் அழுகையும் கலந்த காதல் படத்துக்கு நான் இரண்டாவது வகையைத்தான் முதலில் திறந்து பார்ப்பேன். ஏழு பேர் அப்படி ரசிக்க அதில் ஏதோ இருக்கிறது. மூன்று பேர் வெறுத்ததற்கும் காரணம் எழுதியிருப்பார்கள், அது நமக்குப் பொருந்துமா என்று பார்த்துக்கொள்ளலாம். மெட்டாகிரிட்டிக் வேறு மாதிரி, அது விமர்சகர்கள் கொடுத்த புள்ளிகளின் சராசரி, சில பத்திரிகைகளுக்குக் கூடுதல் எடை உண்டு. இரண்டிலுமே, எத்தனை விமர்சனத்தை வைத்து அந்த எண் வந்தது என்று கீழே சின்ன எழுத்தில் இருக்கும். ஏழு விமர்சனத்தை வைத்து வந்த எண்ணுக்கு நான் மதிப்புக் கொடுப்பதில்லை. கொரியக் காதல் படங்கள் பலவற்றுக்கு ஆங்கிலத்தில் அவ்வளவுதான் வரும்.

கொரியாவில் படத்தின் வெற்றியை வசூலைவிடப் பார்த்தவர்களின் தலைக்கணக்கில்தான் பேசுவார்கள். கொரியத் திரைப்பட மன்றம் திரையரங்குகளின் டிக்கெட் கணக்கை ஒன்றாகச் சேர்த்து வெளியிடுகிறது. 2001-இல் வந்த 'மை சாஸி கேர்ள்' படத்துக்கு 48 லட்சம் டிக்கெட்டுக்கு மேல் விற்றது. அப்போது தென் கொரியாவின் மக்கள்தொகை ஏறக்குறைய நாலே முக்கால் கோடி. பத்துப் பேருக்கு ஒரு டிக்கெட் என்று வையுங்கள். அப்படி ஒரு கூட்டம் வந்தால், அதில் நம் பெரியம்மா மாதிரி ஆட்களும் இருந்திருப்பார்கள் என்று எனக்கு ஒரு நம்பிக்கை வரும். சி.ஜி.வி. என்ற பெரிய திரையரங்கக் குழுமம் ரசிகர்களின் கருத்தைக் கோழிமுட்டைப் படம் போட்டுச் சதவீதமாகக் காட்டும். டிக்கெட் வாங்கியவர்கள் கொடுக்கும் கணக்குக்கும் யார் வேண்டுமானாலும் போடும் நட்சத்திரத்துக்கும் வித்தியாசம் உண்டு. படம் வெளிவருவதற்கு முன்பே கூட்டமாக வந்து ஒரே ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டுப் போகிற பழக்கத்துக்குக் கொரியர்கள் 'நட்சத்திரத் தாக்குதல்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். டிக்கெட் வாங்கியவர்களின் கணக்குக் கிடைத்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

கொரியச் சொற்கள் சிலவற்றைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்

நான் அதிகப் பயன் கண்டது இதில்தான். கொரிய விமர்சனங்களைக் கைப்பேசியிலேயே மொழிபெயர்த்துப் படித்துவிடலாம். 1995-இலிருந்து வருகிற 'சினே 21' என்ற பத்திரிகையில் விமர்சகர்கள் ஒவ்வொருவரும் ஒரே ஒரு வரி எழுதிப் பத்துக்கு இத்தனை என்று புள்ளி போடுவார்கள். அந்த ஒரு வரிகள் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் மொழிபெயர்ப்பில் சில சொற்கள் வழுக்கிவிடும். அவற்றைத் தனியாகத் தெரிந்து வைத்திருந்தால்தான் அந்த வரி பிடிபடும்.

'மெல்லோ' என்று வந்தால் அழுது வடிகிற படம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கொரியர்கள் சாதாரணக் காதல் கதையைத்தான் 'மெல்லோ' என்கிறார்கள். 'ரோகோ' என்றால் காதலும் நகைச்சுவையும் கலந்த படம். 'கெமி' என்றால் நாயகனுக்கும் நாயகிக்கும் இடையே இருக்கும் பொருத்தம். அழ வைப்பதற்கென்றே வைத்த காட்சிகளுக்கு அவர்களிடம் 'சின்பா' என்று தனிச்சொல் இருக்கிறது. எழுத்துக்கு எழுத்து பார்த்தால் 'புதிய பாணி' என்று பொருள். நூறு வருடத்துக்கு முன் ஜப்பானிலிருந்து கொரியாவுக்குப் போன ஒரு நாடக வகையின் பெயர் அது. மொழிபெயர்ப்பில் 'புதிய' என்று வருவதைப் பார்த்து ஏதோ புதுமையான படம் என்று நானே ஒரு தடவை நினைத்துவிட்டேன். கொரிய விமர்சகர் 'சின்பா' என்று எழுதினால் அது குறை. ஆனால் சிவாஜி படத்துக்கு அழுது வளர்ந்தவர்கள் உட்கார்ந்திருக்கும் கூடத்தில் அது குறையா? எங்கள் வீட்டில் 'கடைசியில் சின்பா' என்று திட்டு வாங்கிய படங்கள்தான் நன்றாக ஓடியிருக்கின்றன.

'கோகுமா' என்றால் சர்க்கரைவள்ளிக் கிழங்கு. படத்தில் ஒருவர் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விழுங்கிக்கொண்டே இருந்தால், தண்ணீர் இல்லாமல் கிழங்கு தின்றது போல் நெஞ்சை அடைக்கிறது என்ற பொருளில் அதைச் சொல்கிறார்கள். அதற்கு எதிர்ச்சொல் 'சாய்டா', கிழங்கு இறங்குவதற்குக் குடிக்கும் சோடா. ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக் கிழங்கு தின்றே உயிர் பிழைத்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பெரியம்மாவிடம் சொன்னதும், 'ஆமா, நெஞ்சுல நின்னுக்கும்' என்றார். அதிலிருந்து எங்கள் கூடத்தில் யாராவது காதலைச் சொல்லாமல் தவித்தால் 'கிழங்கு, கிழங்கு' என்று குரல் வரும்.

இன்னொரு சொல் 'யொவுன்'. மணி அடித்து நின்ற பிறகும் காதில் இருக்குமே ஒரு ஒலி, அது. படம் முடிந்த பிறகும் மனதில் தங்குவதற்கு அப்படிச் சொல்கிறார்கள். ஒரு வரி விமர்சனங்களில் மூன்று பேராவது 'யொவுன்' என்று எழுதியிருந்தால் அந்தப் படத்தைக் குறித்து வைத்துக்கொள்கிறேன்.

பாராட்டைவிடக் குறையைப் பொறுமையாகப் படியுங்கள்

பாராட்டு எல்லாப் படத்துக்கும் ஒரே மாதிரி இருக்கும். அழகான ஒளிப்பதிவு, மனதைத் தொடும் நடிப்பு என்று போகும். படத்துக்குள் என்ன இருக்கிறது என்பது குறையில்தான் வெளியே வரும். தைத்த ரவிக்கையை யாராவது கொண்டுவந்து 'நல்லா இருக்கா பாருங்க' என்றால், நான் முதலில் உட்பக்கத்தைத் திருப்பித்தான் பார்ப்பேன். அதே மாதிரிதான்.

'மை சாஸி கேர்ள்' படத்தையே எடுத்துக்கொள்வோம். க்வாக் ஜே-யோங் இயக்கியது. ஜுன் ஜி-ஹ்யுன், சா தே-ஹ்யுன் நடித்தது. கிம் ஹோ-சிக் என்பவர் தன் காதலைப் பற்றி இணையத்தில் தொடராக எழுதியதிலிருந்து எடுத்த கதை. படத்தையே காற்பந்து ஆட்டம் மாதிரி முதல் பாதி, இரண்டாம் பாதி, கூடுதல் நேரம் என்று பிரித்திருப்பார்கள். ஆங்கில விமர்சனங்களில் திரும்பத் திரும்ப வரும் குறை இரண்டு: நீளம் அதிகம், சிரிக்க வைத்துக்கொண்டிருந்த படம் திடீரென்று அழத் தொடங்கிவிடுகிறது. இதைப் படித்ததும் நான் எடுத்துக்கொண்டது, இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும், கைக்குட்டை வேண்டும் என்பதுதான். இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படம் பார்க்கிறவர்களுக்கு நீளம் ஒரு பொருட்டே இல்லை. பாதியில் படத்தின் நிறம் மாறுவதும் நமக்குப் பழக்கம்தான். அப்படியானால் இந்த இரண்டு குறையும் எங்கள் கூடத்துக்குச் செல்லாது என்று முடிவு செய்தேன். அது சரியாகவே இருந்தது.

ஆனால் எந்த விமர்சனமும் எனக்குச் சொல்லாதது ஒன்று இருந்தது. படத்தின் தொடக்கத்தில் அந்தப் பெண் நன்றாகக் குடித்துவிட்டு ரயிலில் தள்ளாடி, உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவர் தலையில் வாந்தி எடுப்பாள். படத்திலேயே பேர்போன நகைச்சுவைக் காட்சி. பெண்பிள்ளைகள் விழுந்து சிரித்தார்கள். அக்காமார் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பெரியம்மா, 'இதுக்கு ஏன் சிரிக்கிறீங்க?' என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார். தோட்டத்தில் கள்ளுக்கடையும் சம்சு என்ற மலிவுச் சாராயமும் எத்தனை வீட்டை அழித்தன என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். பெரியம்மா வீடும் அதில் ஒன்று. கூடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. நான் படத்தை நிறுத்திவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

நிறுத்தாமல் விட்டது நல்லதாகப் போயிற்று. இரண்டாம் பாதியில் நாயகன், அவளைப் பெண் பார்க்க வந்த இன்னொருவனிடம், அவளை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பத்து விதி சொல்வான். கஃபேயில் மேசைக்கு எதிரெதிரே இரண்டு ஆண்கள், இவன் விரல் விட்டு எண்ணுகிற மாதிரி ஒவ்வொன்றாகச் சொல்கிறான். மூன்று கிளாஸுக்கு மேல் குடிக்க விடாதே. செருப்பு கடித்தால் உன் செருப்பைக் கொடுத்துவிட்டு அவள் செருப்பை நீ போட்டுக்கொள். அவள் எழுதுவதை ரசி. பேத்தி ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லச் சொல்ல, கடலைத் தட்டில் யார் கையும் போகவில்லை. பெரியம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், 'இந்தப் பையன் நல்லவன்' என்றார்.

விமர்சனம் எழுதியவர் எங்கே உட்கார்ந்து எழுதினார் என்று இதிலிருந்து பார்க்கக் கற்றுக்கொண்டேன். கொரியத் தலைநகர் சோலில் அலுவலகம் முடிந்து கூட்டமாகக் குடிப்பது அன்றாட வழக்கம். அங்கே இருக்கும் விமர்சகருக்கு அந்த ரயில் காட்சியில் சொல்ல ஒன்றுமே தோன்றாது. குறை சொல்லும் வரியைப் படிக்கும்போது, இவர் எந்த ஊர், எந்த வயது, எந்த வருடம் எழுதியது என்று கேளுங்கள். இருபது வருடம் கழித்து எழுதியவர்கள், அந்தப் பெண் நாயகனை அடிப்பதை இன்று சிரித்துவிட்டுப் போக முடியுமா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். எங்கள் பெண்பிள்ளைகளும் அதைக் கேட்டார்கள். சப்டைட்டிலுக்கும் இதில் பங்கு உண்டு. அவள் அடிக்கடி சொல்லும் மிரட்டலை ஆங்கிலத்தில் 'சாக வேண்டுமா' என்று போட்டிருப்பார்கள். பேத்தி அதை 'உதை வேணுமா?' என்று சொன்னாள். அந்த ஒரு சொல்லில் நாயகி கொடுமைக்காரியாக இல்லாமல் நம் வீட்டு வாயாடியாகிவிட்டாள்.

சில விமர்சனம் படத்தைப் போட வேண்டாம் என்றும் சொல்லும்

'200 பவுண்ட்ஸ் பியூட்டி' 2006-இல் வந்தது. 60 லட்சத்துக்கு மேல் டிக்கெட் விற்ற படம். பருமனான பின்னணிப் பாடகி ஒருத்தி உடம்பு முழுக்க அறுவை சிகிச்சை செய்துகொண்டு மேடைக்கு வருகிற கதை. கிம் ஆ-ஜுங்கின் நடிப்பை எல்லாரும் பாராட்டியிருந்தார்கள். குறை சொன்னவர்கள், உன்னை நீயே ஏற்றுக்கொள் என்று வாயால் சொல்லிவிட்டு, வெற்றியை மட்டும் ஒல்லியான உடம்புக்குக் கொடுக்கிறது என்றார்கள். படத்தை நான் தனியாகப் பார்த்தேன். எனக்கும் அப்படித்தான் பட்டது. அளவு எடுக்க நாடாவைச் சுற்றும்போது மூச்சை உள்ளே இழுத்துக்கொள்கிற பெண்களைத் தினமும் பார்க்கிறேன். அவர்களில் நாலு பேர் என் கூடத்துக்கு வருகிறவர்கள். அந்தப் படத்தை நான் போடவில்லை.

விருதுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நகைச்சுவைக்குப் பெரிய விருது கிடைப்பது எந்த நாட்டிலும் அரிது. அதனால் காதல் நகைச்சுவைப் படத்தின் நாயகிக்குச் சிறந்த நடிகை விருது கிடைத்திருந்தால் கவனியுங்கள். ஜுன் ஜி-ஹ்யுனுக்கு 2002-இலும் கிம் ஆ-ஜுங்குக்கு 2007-இலும் கொரியாவின் கிராண்ட் பெல் விருது கிடைத்தது. 'ஆல் அபௌட் மை வைஃப்' படத்துக்காக இம் சூ-ஜுங்குக்கு 2012-இல் கொரியாவின் இன்னொரு விருதான புளூ டிராகன் கிடைத்தது. ஓயாமல் குறை சொல்லிக்கொண்டே இருக்கும் மனைவி வேடம் அது. இந்த மூன்று படத்திலும் நாயகிதான் படத்தைத் தூக்கி நிறுத்துகிறாள்.

நினைவை வைத்து எடுத்த படமா என்று பாருங்கள்

2012-இல் வந்த 'ஆர்க்கிடெக்சர் 101' படத்துக்குக் கொரிய விமர்சனங்கள் உருகி எழுதியிருக்கின்றன, வெளிநாட்டில் சிலர் மெதுவாகப் போகிறது என்கிறார்கள். இரண்டும் உண்மை. கல்லூரிக் காலத்து முதல் காதல், பதினைந்து வருடம் கழித்து அவள் வீடு கட்டித் தரச் சொல்லி வருவது, இதுதான் கதை. அதில் நடித்த சூசியைக் கொரியர்கள் 'நாட்டின் முதல் காதல்' என்றே கூப்பிடத் தொடங்கினார்கள். மாடியில் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு இயர்ஃபோனை வைத்துக்கொண்டு ஒரே பாட்டைக் கேட்கும் காட்சி அந்தப் படத்தின் உயிர். தொண்ணூறுகளில் அந்தப் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அங்கேயே கண் கலங்கும். நமக்கு அந்தப் பாட்டு தெரியாது.

விமர்சனத்தில் 'அந்தக் காலம்', 'ஏக்கம்' என்ற சொற்கள் மிகுந்திருந்தால், படம் போடுவதற்கு முன் ஒரு நிமிடம் பேசிவிடுங்கள். நான் அன்று, 'அந்தப் பாட்டு வரும்போது, உங்களுக்கு அந்த வயதில் இருந்த இளையராஜா கேசட்டை நினைத்துக்கொள்ளுங்கள்' என்று மட்டும் சொன்னேன். காட்சி வந்தபோது ஒரு அக்கா எழுந்து சமையலறைக்குப் போய் நின்றுகொண்டார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

அரைப் பக்கம் எழுதி அனுப்புங்கள்

இவ்வளவும் படித்த பிறகு நான் பள்ளி நோட்டில் அரைப் பக்கம் எழுதி, படம் பிடித்து, வாட்ஸ்அப் குழுவில் வியாழக்கிழமை போடுவேன். அதில் என் கருத்து இருக்காது, வருகிறவர்கள் தயாராக வர வேண்டியது மட்டும் இருக்கும். 'மை சாஸி கேர்ள்' படத்தை இப்போது மறுபடி போட்டால் இப்படி எழுதுவேன்:

'கொரியப் படம், 2001. இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். முதல் பாதி சிரிப்பு, பிறகு அழுகை. தொடக்கத்தில் நாயகி குடித்திருப்பாள், அதற்குக் காரணம் பின்னால் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். நாயகனை அடிப்பாள். முத்தக் காட்சிக்குப் பயப்பட வேண்டாம். கொரியாவில் கூட்டம் அலைமோதிய படம், ஹாங்காங்கிலும் ஜப்பானிலும் நன்றாக ஓடியது. 2008-இல் அமெரிக்காவில் இதையே மறுபடி எடுத்தார்கள், அங்கே திரையரங்குக்கு வராமல் நேரே டிவிடியில் வந்தது. மலையில் ஒரு மரம் வரும், அதைக் கவனித்துப் பாருங்கள். முடிவைத் தெரிந்தவர்கள் சொல்லாதீர்கள்.'

முடிவைச் சொல்லிவிடும் விமர்சனங்களைப் படம் முடிந்த பிறகு படிப்பதற்கென்று தனியே எடுத்து வைத்துவிடுங்கள். படம் பார்த்த சூட்டோடு அவற்றைப் படிப்பதில் தனி சுகம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மதியம் கடைக்குள் இரண்டு மூன்று பேர் உட்கார்ந்து, நான் ஒவ்வொன்றாக வாசிக்க, 'இவன் சரியாத்தான் சொல்றான்', 'இவளுக்கு அந்தப் பொண்ணு மனசு புரியலை' என்று பேசுவோம். அவர்கள் சொல்வதையும் அதே நோட்டில் தேதி போட்டு எழுதிவிடுகிறேன். யார் எந்த இடத்தில் சிரித்தார், எந்த இடத்தில் எழுந்து போனார் என்றும் எழுதுகிறேன். மூன்று நோட்டு ஆகிவிட்டது. புதுப் படம் எடுப்பதற்கு முன் சோல் விமர்சகர்களைப் படிக்கிற அதே அக்கறையோடு இவற்றையும் புரட்டிப் பார்க்கிறேன்.

வருகிற சனிக்கிழமைக்கு 'ஆல் அபௌட் மை வைஃப்' எடுத்து வைத்திருக்கிறேன். நேற்று பாவாடை கரை மடிக்கக் கொடுக்க வந்த பெரியம்மா, 'அடுத்த படத்துல குடிப்பாங்களா?' என்று கேட்டார். பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இன்று இரவு உட்கார்ந்து அந்தக் காட்சிகளைத் தேடிப் பார்த்து, எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது என்று அரைப் பக்கத்தின் முதல் வரியில் எழுத வேண்டும்.